ஜெப எண்ணெயும் என் இடது காலும்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். ஆனா இன்னைக்கு நான் சிரிச்ச மொகத்தோட வரல. கோவமா வந்திருக்கேன். அதை மறைச்சுக்கிட்டுச் சாட்சி சொன்னா அது பொய்ச் சாட்சி ஆயிரும்.

இந்தப் பொம்பளைக கூட்டத்துல எனக்கு எதுக்கு நேரம் குடுத்திருக்கீகன்னு எல்லாருக்கும் தெரியும். ஜெபம்பண்ணி வச்ச எண்ணெய்க் கிண்ணத்தை எட்டி உதைச்சதுக்கு, சபைக்கு முன்னால நான் மன்னிப்புக் கேக்கணும். அதைக் கேக்கத்தான் உபதேசியார் ஐயா வாசப்பக்கம் பெஞ்சைப் போட்டு உக்காந்திருக்காக. கிண்ணத்துக்குச் சொந்தக்காரவுக, எங்கய்யா கூடப்பொறந்த அன்னத்தாய் அத்தை, முன்னால பாயில உக்காந்திருக்காக. அத்தை, இந்த வெயில்ல நடந்து வந்திருக்கீக, இருந்து முழுசாக் கேட்டுட்டுப் போங்க. நான் மன்னிப்புக் கேக்க வரல. சாட்சி சொல்ல வந்திருக்கேன்.

நான் எஸ்தர். இதே அனுமந்தன்பட்டியில, இதே கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினவ. போடி பஜார்ல ஏலக்கா வியாபாரம் பண்றவருக்கு வாக்கப்பட்டுப் போனவ. எனக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே மூக்கு மேல கோவம். 'மொளகாப்பொடி வர்றாடி, மூக்கைப் பொத்துங்கடி'ன்னு கேலி பேசுனவுகள்ல பாதிப் பேரு இங்கனதான் உக்காந்திருக்கீக. உபதேசியார் அம்மா என்னையத் தனியாக் கூப்பிட்டு, தெனம் ஒரு ஜெபம் பண்ணச் சொன்னாக. 'ஆண்டவரே, என் கோவத்தை என்னைய விட்டு எடுத்துப்போடும்.' நானும் முழங்கால் போட்டு வருசக்கணக்காப் பண்ணிப் பாத்தேன். போகவே இல்லை. நம்ம ஜெபத்துல என்ன கொறையோன்னு அழுதிருக்கேன். ஏன் போகலைன்னு இப்பத்தான் தெரியுது.

எங்க அக்கா பாக்கியத்துல இருந்து சொல்லணும்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்குத்தான் வந்தா. பொம்பளைப் பிள்ளை, சுகப் பிரசவம். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பிள்ளை பெத்தவளைக் காத்து வராத அறையில போட்டு, வயித்தைச் சீலையால இறுக்கிக் கட்டி, 'ஆடாம அசையாமப் படு'ன்னு சொல்லிருவோம். தண்ணி மட்டும் குடுக்க மாட்டோம். குடிச்சா வயிறு ஊதும், சன்னி கண்டுரும்னு சொல்லுவோம். அக்கா என் சீலையைப் பிடிச்சு இழுத்து, 'நாக்கு மேல ஒட்டிக்கிருச்சுடி எஸ்தரு, ஒரு மடக்குக் குடுடி'ன்னு கெஞ்சுனா. அத்தை கண்ணை உருட்டினாக. செம்பை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாக.

அதுக்கு அப்புறம் அவ காலு ஒண்ணு வீங்குச்சு. தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் வெளுத்து, தோலு பளபளன்னு ஆயிருச்சு. 'கெட்ட ரத்தம் கால்ல இறங்கிருச்சு, உருவி மேல ஏத்தணும்'னு அத்தை சொன்னாக. கோயில் மேசையில வச்சு ஜெபிச்ச விளக்கெண்ணெயை எங்க ஆத்தா சூடு பண்ணிக் குடுத்தா. அத்தை ஜெபம் பண்ணிக்கிட்டே கெண்டைக்கால்ல இருந்து மேல மேல உருவுனாக. நான் தலைமாட்டுல பிள்ளையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உருவிக்கிட்டு இருக்கையிலயே அக்கா சட்டுன்னு நெஞ்சைப் பிடிச்சா. 'மூச்சு முட்டுது'ன்னா. ஒதடு நீலம் பாரிச்சுப்போச்சு. அவ்வளவுதான். அத்தை ஆமென் சொல்லி முடிக்கல, அக்கா போயிட்டா.

அவளை அடக்கம் பண்ணும்போது என்ன சொன்னீக, ஞாபகம் இருக்கா? கர்த்தருடைய சித்தம்னு சொன்னீக. அதோட விட்டீகளா? மாசமா இருக்கையில அவ அம்மன் கோயில் தேர் பாக்கப் போனா, அதுக்குத்தான் கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு குழி மேட்டுல வச்சுச் சொன்னீக, உபதேசியார் ஐயா. எங்க ஆத்தா அதைக் கேட்டுட்டு முந்தானையால மொகத்தை மூடிக்கிட்டா. பெத்த மகளுக்காக அழுறதுக்குக்கூட அவளுக்குக் கூச்சமாப் போச்சு.

நான் கண்ணால பாத்தவ. தேரு கொல்லல. அவ போனது அந்தக் கை உருவிக்கிட்டு இருக்கும்போது. ஆனா எனக்குக் காரணம் சொல்லத் தெரியல. சொன்னாலும் 'மொளகாப்பொடி வாயைத் தொறந்துட்டா'ன்னு சிரிச்சிருப்பீக. அதனால மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டேன்.

இந்தத் தையில நானும் பிள்ளைப்பேறுக்கு வந்தேன். செர்மனிச் சண்டைக் காலம், பெட்ரோல் கெடையாது. போடியில இருந்து, கரி அடுப்பை மூட்டி ஓட்டுற கரி பஸ்ஸுல பொகையைக் குடிச்சுக்கிட்டு வந்து சேந்தேன். அதே வீடு, அதே அறை. ஆண் பிள்ளை பொறந்தான், ஸ்தோத்திரம். பொறந்த மறு நிமிசமே கதவைச் சாத்தியாச்சு. எங்க வீட்டுக்குப் பின்னால வயக்காட்டு வாய்க்கால். ரெண்டாம் போகத்துக்குப் பெரியாத்துத் தண்ணி சலசலன்னு ஓடுது. படுத்துக்கிட்டே நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கேன், எனக்கு ஒரு வாய் இல்லை. காய மருந்து, கருவாட்டுக் கொழம்பு, சுடுசோறு, எல்லாம் குடுப்பாக. தண்ணி கேட்டா, 'பிள்ளைக்கு ஆகாது ஆத்தா, பொறுத்துக்கோ'ன்னு தலையைத் தடவுவாக. பிள்ளை மேல பழியைப் போட்டா எந்தத் தாய் வாயைத் தொறப்பா?

பிறகு இடது கெண்டைக்கால்ல ஒரு இழுப்பு வந்துச்சு. மரத்துப்போனதுன்னு நினைச்சேன். ஒரு பொழுது போறதுக்குள்ள தொடை வரைக்கும் வீங்கிருச்சு. சீலையை வெலக்கிப் பாத்தேன். வெளுத்து, பளபளன்னு. அக்கா காலு. அதே காலு என் உடம்புல இருக்கு.

எங்க ஆத்தா பாத்தா. அவ மொகம் செத்துப்போச்சு. உடனே வெளிய போனா. எங்கன போறான்னு எனக்குத் தெரியும். அன்னத்தாய் அத்தையைக் கூட்டியாரத்தான் போறா. அவளுக்கு வேற யாரைத் தெரியும்?

நான் மட்டும் அறையில. பக்கத்துல பச்சை மண்ணு தூங்குது. சாகப் போறேன்னு நிச்சயமாத் தெரியுது. அக்கா மகளை எங்க ஆத்தா வளக்குற மாதிரி இவனையும் யாரோ வளக்கப் போறாகன்னு தெரியுது. அப்ப ஜெபம் பண்ணினேன். அழகான ஜெபம் ஒண்ணும் இல்லை, சண்டைதான். 'ஆண்டவரே, எங்க அக்காளை நீர்தான் எடுத்தீரா? அந்தப் பிள்ளையைத் தாயில்லாமப் பண்ணினது நீர்தானா? இல்லைன்னா இப்பக் காட்டும். என்னால எந்திரிக்க முடியல. அந்தக் கையை நிறுத்தும். தூதனை அனுப்பினாலும் சரி, இடியை விழப்பண்ணினாலும் சரி, அந்தக் கை என் காலைத் தொடாமப் பண்ணும்.' அம்புட்டுத்தான்.

தூதன் ஒருத்தரும் வரல. அத்தை வந்தாக. கையில கிண்ணம்.

வந்து உக்காந்து, கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பிச்சாக. எண்ணெயைக் கையில ஊத்துனாக. நான் 'வேண்டாம் அத்தை'ன்னேன். 'ஜெப எண்ணெயை வேண்டாம்னு சொல்லக் கூடாது, அது ஆண்டவரைத் தள்ளுற மாதிரி'ன்னாக. திரும்பவும் வேண்டாம்னேன். கை கெண்டைக்கால் கிட்ட வந்துருச்சு. அப்ப எனக்குள்ள ஒண்ணு ஏறுச்சு பாருங்க. உள்ளங்கால்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் கோவம். நான் வருசக்கணக்கா எடுத்துப்போடச் சொல்லி அழுத அதே கோவம். நல்லா இருந்த வலது காலால ஒரு எத்து எத்துனேன். கிண்ணம் சுவத்துல மோதி உருண்டுச்சு. எண்ணெய் அத்தை சீலையெல்லாம்.

'என் காலைத் தொட்டா நடக்கிறதே வேற'ன்னு கத்துனேன். தெருவே கூடிருச்சு. சன்னி கண்டிருச்சுன்னாக. பேய் பிடிச்சிருச்சுன்னு ஒருத்தர் சொன்னாக, அவுக யாருன்னு நான் சொல்லல, அவுகளுக்கே தெரியும். உபதேசியார் ஐயாவைக் கூட்டியாந்தாக. ஐயா வாசல்ல நின்னு, 'எஸ்தர், தாழ்மையா இரு'ன்னாக. நான் கத்துறதை நிறுத்தல. நிறுத்துனா கை வந்துரும்னு தெரியும்.

அந்த நேரத்துல எங்க வீட்டுக்காரர் பிள்ளையைப் பாக்கப் போடியில இருந்து வந்து எறங்கினாக. மொகமெல்லாம் கரி. அவுக எறும்புக்கு வழி விட்டு நடக்கிற ஆளு. வாசல்ல இம்புட்டுக் கூட்டத்தைப் பாத்துட்டு, நான் செத்துட்டேன்னே நினைச்சு அழுதுக்கிட்டு உள்ள வந்தாக. நான் சொன்னேன்: 'இப்ப என்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறீகளா, இல்ல அக்கா பக்கத்துல குழி வெட்டச் சொல்றீகளா?' அவுக ஒரு கேள்வி கேக்கல. 'கட்டிலைப் பிடிங்கப்பா'ன்னாக.

கட்டிலோட ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்தாக. காலை உசத்தி வைங்கன்னு யாரும் சொல்லல, வலி தாங்காம நானே மூட்டையைக் கொடுத்து உசத்தி வச்சேன். கரி பஸ் வந்துச்சு. டிரைவர் என்னையப் பாத்துட்டு, 'வழியில ஏதும் ஆச்சுன்னா என் வண்டிக்குத்தான் கெட்ட பேரு, ஏத்த மாட்டேன்'னாரு. 'ஏலே, நான் சாக வரலை, பொழைக்கப் போறேன். கரியைக் கிளறிவிட்டு வண்டியை எடு'ன்னேன். அவரு வயசு எங்கய்யா வயசு இருக்கும். ஏலேன்னு சொன்னதுக்கு மட்டும் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். வேற யாருகிட்டயும் இல்லை.

தேனிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில கொண்டு போய்ப் போட்டாக. அங்கன ஒரு மலையாளத்து நர்ஸு. காலைப் பாத்ததும் ரெண்டு தலகாணியைக் கீழ வச்சாக. எங்க ஆத்தா பழக்க தோசத்துல காலை அமுக்கக் கையை நீட்டுனா. 'அய்யோ, வேண்டா அம்மச்சி, வேண்டா!'ன்னு நர்ஸு அவ கையைத் தட்டிவிட்டாக. தட்டிவிட்ட கையோட ஒரு தம்ளர் நெறையத் தண்ணி கொண்டு வந்து என் வாயில வச்சாக. நான் கேக்கவே இல்லை. ஒரே மூச்சுல குடிச்சேன். குடிச்சிட்டு ஓன்னு அழுதேன். அக்காளுக்குக் கெடைக்காத தண்ணி அது.

அங்கன இருந்த டாக்டரம்மா எனக்கும் ஆத்தாளுக்கும் உக்காந்து சொல்லிக் குடுத்தாக. ஒரு ஊசியால தன் விரல் நுனியைக் குத்துனாக. ரத்தம் பொட்டு மாதிரி வந்துச்சு. தொடைச்சாக, திரும்ப வந்துச்சு. கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. 'யாரு நிறுத்துனது?'ன்னாக. 'ஆண்டவர்'னேன். 'சரி, எப்படி நிறுத்துனாருன்னு கேளு'ன்னாக.

அவுக சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ரத்தம் குழாய்க்குள்ள ஓடுற வரைக்கும் தண்ணியாத்தான் ஓடும். எங்கன காயம் பட்டுச்சோ அங்கன, ரத்தத்துக்குள்ளயே கரைஞ்சு கெடக்கிற ஒரு சத்து நூல் நூலாத் திரிஞ்சு வலை மாதிரிப் பின்னிக்கிரும். அதுல ரத்தம் சிக்கி, உறைஞ்சு, ஓட்டையை அடைச்சிரும். காயம் ஆறுனதும் அந்த அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கிறதும் ரத்தத்துக்குள்ளயே இருக்கு. கட்டவும் அதுக்குத் தெரியும், கரைக்கவும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறையிற மாதிரி உடம்பு முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்கிருமாம். ஏன்னா நஞ்சுக்கொடி பிரிஞ்ச எடம் பெரிய காயம். கர்ப்பப்பை சுருங்கி, ரத்தமும் உறையலைன்னா தாய் அங்கனயே போயிருவா. நம்மளைக் காப்பாத்த ஆண்டவர் வச்ச ஏற்பாடு அது.

'அப்பேர்ப்பட்ட நேரத்துல ஒருத்தியை அசையாமப் படுக்கப் போட்டு, தண்ணியும் குடுக்காம வத்தப் போட்டா என்ன ஆகும்?'னு டாக்டரம்மா கேட்டாக. அவுக கொரல்லயும் கோவம் இருந்துச்சு, எனக்கு அவுகளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ரத்தம் கால்ல மெதுவாகித் தேங்கும். தேங்குன எடத்துல, காயமே இல்லாத எடத்துல, உறைஞ்சு கட்டியாயிரும். அதுதான் வீக்கம். சும்மா விட்டா உடம்பே கரைச்சுக்கிரும், இல்லைன்னா ஓரமா ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். உருவுனா? கட்டி பிச்சுக்கிட்டுக் கெளம்பிரும்.

நமக்குத் தெரியாததா? வாய்க்கால்ல மண்ணாங்கட்டி கெடந்தா அந்த வயலுக்குத்தான் தண்ணி கொறையும். அதை எத்தி விட்டா ஓட்டத்தோட போயி மடைக் குழாயில செருகிக்கிரும், மொத்தப் பாசனமும் நின்னுபோகும். கால்ல இருந்து கெளம்புற கட்டி நெஞ்சுக்கு வந்து நுரையீரலை அடைச்சிருதாம். அக்கா நெஞ்சைப் பிடிச்சது அதுக்குத்தான். ஒதடு நீலமானது அதுக்குத்தான்.

எங்க ஆத்தா டாக்டரம்மா மொகத்தைப் பாத்தா. அப்புறம் கேட்டா: 'அப்ப என் மூத்த பிள்ளைக்கு எண்ணெயைச் சூடு பண்ணிக் குடுத்தது நாந்தானே அம்மா?'

டாக்டரம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. 'நான் அந்தப் பிள்ளையைப் பாக்கல, நிச்சயமாச் சொல்ல முடியாது. நீங்க சொல்றதைக் கேட்டா அப்படித்தான் தெரியுது. ஆனா நீங்க கொல்லணும்னு செய்யல'ன்னாக. ஆத்தா தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. அவளைத் திட்டுறதுக்கு நான் ஒரு கூடை வார்த்தை சேத்து வச்சிருந்தேன். ஒண்ணும் வாயில வரல. அவ மேல இருந்த கோவம் அன்னைக்கே போயிருச்சு. அப்பத்தான் அவ முதமுதலா அக்காளுக்காக வாய்விட்டு அழுதா, அழட்டும்னு விட்டுட்டேன்.

அந்தக் கரி பஸ்ஸைப் பத்தியும் டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். 'அம்புட்டுக் குலுக்கல்லயும் கட்டி கெளம்பாம இருந்துச்சே, அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை'ன்னாக. என்கிட்ட இருக்கு. ஸ்தோத்திரம்.

வாரக்கணக்கா அங்கனயே கெடந்தேன். காலைப் பஞ்சு வச்சுச் சுத்தி, உசத்தியே வச்சிருந்தாக. தண்ணி குடி, தண்ணி குடின்னு நர்ஸு விடாமக் குடுப்பாக. பிறகு பாதத்தை மட்டும் ஆட்டச் சொன்னாக. பிறகு உக்காரச் சொன்னாக. வீக்கம் வத்துச்சு. ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் தோளைப் பிடிச்சுக்கிட்டு வராந்தா வரைக்கும் நடந்தேன். அவுக பிள்ளையைத் தூக்குறதா, என்னையப் பிடிக்கிறதான்னு தெரியாமத் தடுமாறுனாக. சிரிச்சுக்கிட்டே அழுதோம்.

இப்பச் சொல்றேன் கேளுங்க. உபதேசியார் ஐயா, தேர் பாக்கப் போனதுக்காகக் கர்த்தர் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொல்லுவாரா? நம்ம கை செஞ்ச வேலையை அவர் தலையில கட்டிட்டு, அதுக்கு ஜெபமும் பண்ணியிருக்கோம். தண்ணி குடுக்க வேண்டாம்னு அவர் சொன்னாரா? உருவச் சொன்னாரா? அவர் ரத்தத்துக்குள்ள நூலை வச்சாரு, கரைக்கிறதையும் வச்சாரு. எல்லாத்தையும் வச்சுக் குடுத்த ஆண்டவருக்கு நாம கெட்ட பேரு வாங்கிக் குடுத்திருக்கோம். எனக்கு அதுதான் பொறுக்கல. எங்க அக்கா பேரைக் குழி மேட்டுல கெடுத்தீக, அதை இதே கோயில்ல வச்சுத் திருப்பி எடுங்க. அவ மக அந்தா, எங்க ஆத்தா மடியில உக்காந்திருக்கா. வளந்து, எங்கம்மா எப்படிச் செத்தான்னு அவ கேப்பா. உண்மையைச் சொல்லணும்.

அக்கா தங்கச்சிமாரே, நான் என்ன கேட்டேனோ ஆண்டவர் அதையே குடுத்தாரு. கையை நிறுத்தச் சொன்னேன். தூதனை அனுப்பல, என் கோவத்தை அனுப்பினாரு. அதை எடுத்துப்போடச் சொன்ன ஜெபத்துக்கு அவர் ஏன் காதைக் குடுக்கலைன்னு இப்பப் புரியுது. நீங்களும் அவரை நம்புங்க. பயந்துக்கிட்டு இல்லை, சண்டை போட்டுக் கேளுங்க. கேட்டுட்டு, அவர் குடுத்த வாயைத் தொறங்க. பிள்ளை பெத்த எவ தண்ணி கேட்டாலும் குடுங்க, எந்திரிச்சு நாலு எட்டு நடக்க விடுங்க. காலு வீங்குனா உருவாம, தூக்கிட்டு ஓடுங்க.

அன்னத்தாய் அத்தை, கடைசியா உங்களுக்கு. உங்க மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அக்காளைத் தூக்கி வளத்தவுக, அவ போன அன்னைக்கு நீங்களும் சோறு திங்கல, அதையும் நான் பாத்திருக்கேன். உங்க பக்கத்துல உங்க மக சாந்தா நெறைமாசமா உக்காந்திருக்கா. அவளுக்கு வலி வந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க. போடியில இருந்து வந்து அவ தலைமாட்டுல தண்ணிச் செம்போட உக்காருவேன். நீங்க அவ தலையில கையை வச்சு எம்புட்டு நேரம் வேணும்னாலும் ஜெபம் பண்ணுங்க, நானும் கூட ஆமென் சொல்றேன்.

ஆனா கிண்ணத்தை எடுத்துக்கிட்டு அவ கால் பக்கம் போகாதீக. அன்னைக்கு எனக்கு உதைக்க ஒரு கால்தான் இருந்துச்சு. கர்த்தர் கிருபையில இப்ப ரெண்டும் இருக்கு. ஆமென்.